இரண்டே ஓட்டை

லேப்டாப்பில் இருந்தது இரண்டே ஓட்டை. இரண்டிலும் அறிவரசனின் ஹெட்போன் நுழைய மறுத்தது.

கம்பெனி புதிதாக அனுப்பிய லேப்டாப். தோசைக்கல்லை விட மெல்லிசு. அழகு கெட்டுவிடும் என்று மற்ற ஓட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு குட்டி ஓட்டைகளை மட்டும் விட்டிருந்தார்கள். ஹெட்போன் முனை அகலம். பென்டிரைவும் அப்படியே. போதாததற்கு வேப்பந்தட்டையில் அன்று மாதாந்திர மின்தடை. கரண்ட் மாலையில்தான் வரும். வைஃபை இல்லை. நெட்டுக்குச் செல்போனை வேறு சொருக வேண்டும்.

பதினோரு மணிக்குக் கிளையண்ட்டோடு மீட்டிங். அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் சென்னை ஆபீசுக்கு வர வேண்டும் என்று உத்தரவு.

"வீட்டுலேர்ந்தே தடங்கல் இல்லாம கிளையண்ட்டுகிட்ட பேசி முடிச்சுக் காட்டு அறிவு. உன்னை மட்டும் அங்கேயே விட்டுடறேன். நடுவுல கட்டாச்சு, பெட்டியைக் கட்டு" என்று சொல்லியிருந்தார் மேனேஜர் கோகுலகிருஷ்ணன்.

அனுசுயாவைக் கைப்பிடித்து நான்கு மாதம். அவளுக்கு அரியலூரில் டீச்சர் வேலை கிடைத்து இரண்டு மாதம். அறிவரசனுக்குப் பெட்டியைக் கட்டும் எண்ணம் துளியும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் ராஜவேலுக்குப் போன் போட்டான். அவன் பைக்கிலேயே ஒரு ஹப் கொண்டுவந்தான்.

"இந்தா மாப்ள. ஒரு ஓட்டையில இதைச் சொருகு, ஏழு ஓட்டை ஆயிடும்."

செல்போன், ஹெட்போன், பென்டிரைவ் மூன்றும் உட்கார்ந்தன. அறிவரசனுக்கு மூச்சு வந்தது.

"கடையிலயும் கரண்டு இல்லடா" என்றபடி ராஜவேல் தன் போனை நான்காவது ஓட்டையில் சொருகினான். "ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்."

ஹப் கொடுத்தவனிடம் என்ன சொல்வது? விட்டுவிட்டான். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மின்தடை நாளில் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் போனைக் கொடுத்துச் சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள். இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இத்தனை வருடமும் அடுத்தவர் வாசலில் போனோடு நின்றவர் அறிவரசனின் அப்பா ராசாங்கம். இன்று தன் வீட்டில் ஏழு ஓட்டை. மனிதர் சும்மா இருப்பாரா? டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

முதலில் வெள்ளைச்சாமி டார்ச் லைட்டோடு வந்தார். பின்னாலேயே வேம்பு போனோடு வந்தார். ஏழாவது ஓட்டையில் ராசாங்கமே தன் போனைச் சொருகினார்.

"அப்பா, இது சார்ஜ் ஏத்துற பொட்டி இல்லப்பா. எனக்கே பத்தாது."

"ஒனக்கு மூணுதானடா? மிச்சம் நாலு சும்மாத்தான கெடக்கு?"

"ஓட்டை சும்மா கெடக்கலாம்ப்பா. உள்ள இருக்க சார்ஜு ஒண்ணுதானே?"

"ஊட்டுக்கு வந்தவங்களைப் போவச் சொல்றியா? நல்லாப் படிச்ச போ!"

அறுபதில் இருந்த சார்ஜ் முப்பதுக்கு வந்தது. அப்போது எதிர்வீட்டு மலர்கொடி செங்கல் கனத்தில் ஒரு பவர் பேங்க்கோடு வந்தார். மாவு அரைத்து விற்பவர். புருஷன் சிங்கப்பூரில்.

"அவரு குடுத்துவுட்டதுப்பா. சாயங்காலம் நான் அவருகிட்டப் பேசணும்."

"எடமில்லக்கா. ஏழும் ரொம்பிடுச்சு."

"இந்தா ஒண்ணு இருக்கே!" லேப்டாப்பின் இரண்டாவது ஓட்டையை அவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் வயரின் இரண்டு பக்கமும் குட்டி முனைதான். எதை எதில் சொருகினாலும் உட்காரும். உட்கார்ந்தது.

சார்ஜ் இருபதைத் தொட்டது. அறிவரசன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"பொட்டி சூடாவுது. இப்ப எடுக்கலன்னா எல்லார் போனும் வெடிச்சிடும்!"

அறையே காலி. அவனவன் கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். நெட்டும் போய்விட்டது. அறிவரசன் ஹப்பைப் பார்த்தான். அவன் போன் இருந்த இடத்தில் வயர் மட்டும் தொங்கியது. வேம்புவின் போன் அப்படியே இருந்தது.

"வேம்பு மாமா! அது என் போனு!"

வேம்பு அதற்குள் சோளக்கொல்லை வழியில் வண்டியைக் கிளப்பியிருந்தார். ராசாங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி, பாதித் தெருவில் மறித்து, போனை மாற்றி வாங்கி வந்து மூச்சிரைக்கக் கொடுத்தார். சரியாகப் பதினொன்று.

மலர்கொடி மட்டும் அசையவில்லை.

"அக்கா, வெடிக்கும்க்கா!"

"வெடிக்கட்டும். சிங்கப்பூர் சாமான் அதெல்லாம் வெடிக்காது. நீ ஒன் சோலியப் பாரு."

சண்டை போட நேரமில்லை. திரையின் வெளிச்சத்தைக் கண் இடுங்கும் அளவுக்குக் குறைத்தான். கேமராவை அணைத்தான். மூலையில் தெரிந்த பதினெட்டு என்ற எண்ணிலேயே கண் போய் நின்றது. கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுசுயாவின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த எண்ணின் மேல் ஒட்டினான். கண்ணில் படாவிட்டால் பயமில்லை.

பேச ஆரம்பித்தான். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய மீட்டிங். கிளையண்ட் பொறுமைசாலி. கேள்வி மேல் கேள்வி கேட்டார். படத்தை மறுபடி காட்டச் சொன்னார். அறிவரசன் ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசி வாக்கியமாக நினைத்துச் சொன்னான். அதனால் ஒன்றில்கூட வளவளப்பு இல்லை.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. லேப்டாப் சாகவில்லை.

"பிரமாதம் அறிவு!" என்றார் கோகுலகிருஷ்ணன். "சென்னையில இருக்கவங்களுக்கே ரெண்டு தடவை கட்டாச்சு. உனக்கு ஒரு தடவைகூட ஆகல. நீ அங்கேயே இருப்பா."

அறிவரசன் துள்ளி எழுந்தான். அனுசுயாவுக்கு "ஜெயிச்சாச்சு" என்று செய்தி அனுப்பினான். ராசாங்கம் வாசலுக்குப் போய்த் தெருவுக்கே சொன்னார். வெடிக்கும் என்று ஓடியவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள்.

"பதினெட்டு பெர்சன்ட்ட வெச்சு ஒன்றரை மணி நேரம்!" அறிவரசனுக்குக் குரல் அடங்கவில்லை. "வெளிச்சத்தைக் கொறைச்சேன், கேமராவ நிறுத்துனேன். எல்லாம் மூளை மாமா, மூளை! ஊரே சேந்து உறிஞ்சியும், கடைசி வரைக்கும் மலர்கொடியக்கா உக்காந்து உறிஞ்சியும், நான் ஓட்டிட்டேன் பாத்தீங்களா?"

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார் வெள்ளைச்சாமி.

மலர்கொடி வயரைப் பிடுங்கி, பவர் பேங்க்கின் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது அநியாயம்? கொண்டாரப்ப இதுல பாதிக்கு மேல இருந்திச்சு. இவ்ளோ நேரமா ஒன் பொட்டி இதைக் குடிச்சுல்ல ஓடியிருக்கு!"