வாயில் பஞ்சு இருக்கும்போது சொன்னது

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் நலம், பற்களும் நலம். உங்கள் வீட்டில் எல்லோர் வாயும் சுகம்தானே?

உன் வீட்டுக்காரர், அதாவது நம் மாப்பிள்ளை, தீயணைப்பு நிலையத்தில் ஓய்வு பெற்ற நாள் முதல் என் பல் ஆஸ்பத்திரியில்தான் பொழுதைப் போக்குகிறார். உனக்கு நிம்மதி. இங்கே உள்ளே யாராவது "ஆ" என்றால் போதும், வாளித் தண்ணீரோடு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறார். "ஆ" சொல்லச் சொல்வதே நான்தானே! போன வாரம் ஒரு வாத்தியாரை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி, நடைபாதையில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டார். என் இடுக்கி அப்போது வாத்தியார் வாயில் இருந்தது. இனிமேல் வராதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியை இழுத்து மூட வேண்டியதுதான். எனக்கோ முகத்துக்கு நேரே பேச வராது.

அதனால் பதறாமல் பேசும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். மூச்சை இழுத்து விடு, குரலை உயர்த்தாதே, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல், காரணம் சொல்லாதே என்றார் டீச்சரம்மா. உன் அண்ணியிடம் ஒத்திகை பார்க்கத் தைரியம் இல்லை. வாயில் பஞ்சு அடைத்தவர் எதிர்த்துப் பேச மாட்டார் அல்லவா? பல் காட்ட வந்த தபால்காரரை நாற்காலியில் சாய்த்து வைத்து, "நாளையிலேருந்து நீங்க இங்க வர வேண்டாம்" என்று சாந்தமாக ஏழெட்டுத் தடவை சொன்னேன். பஞ்சை எடுத்ததும், "நான் என்ன டாக்டர் தப்பு பண்ணேன்? ரெண்டு வேளையும் ஒழுங்காத்தானே தேய்க்கறேன்?" என்று விம்மினார். மாப்பிள்ளைதான் தோளில் கை போட்டுத் தேற்றி அனுப்பினார். அப்புறம் பேக்கரிக்காரர், தையல்காரம்மா. ஒருவரும் திரும்பி வரவில்லை. வகுப்பு அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

நேற்று மாப்பிள்ளைக்கே கடைவாய்ப் பல்லில் வலி. விடுவேனா? மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சை அடைத்து, மூச்சை இழுத்து விட்டுச் சொல்லியே விட்டேன். அவர் "ஆ" என்றார். வாளியோடு ஓடி வர வெளியே ஆள் இல்லை. என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்மா, அதுதான் தொல்லை. ஆனாலும் சொன்னதையே சொன்னேன். பஞ்சை எடுத்த பிறகு நாக்கு மரத்ததில் அவர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே இனிமேல் அவரை நீயே வீட்டில் வைத்துக்கொள். காரணம் எதுவும் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. படுக்கும் முன் பல் தேய்க்கச் சொல்.

இப்படிக்கு,
மனஉறுதி மிக்க உன் அண்ணன்

பி.கு.: எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வந்து, பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டார். "இதெல்லாம் உங்களுக்கு வராது மச்சான். மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இப்படியா கஷ்டப்படுவீங்க? முடியாதுன்னு சொல்ற வேலைய இனிமே நான் பாத்துக்கறேன்" என்று கண் கலங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தும் விட்டார். முதல் வேலையாக, இந்தக் கடிதத்தை அனுப்ப முடியாது என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன். குரலை உயர்த்தாமல் அதையே சொல்கிறார். ஆகவே இது உனக்கு வந்து சேராது. பதில் போட வேண்டாம்.