எதிர்க்கட்சி 'சரிங்க' சொன்ன கோடை

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதை மறுக்கக்கூடிய ஒரே மனிதர் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். அளத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எதிர்க்கட்சி என்பார்கள். அங்கே ஆபீசில் நான் குப்பை கொட்டிய காலத்தில், மழை வரும் என்று சொன்னால் வராது என்பார். வந்துவிட்டால், இதெல்லாம் ஒரு மழையா என்பார்.

2005 கோடையில், உப்பு ஏற்ற வந்த லாரியின் பின்கதவு அவிழ்ந்து அவர் மண்டையில் இடித்தது. கதவைச் சரியாக மாட்டவில்லை என்று டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். "எனக்கு ஒண்ணும் ஆவல, கதவுதான் நசுங்கிப்போச்சு" என்று எழுந்து போய்விட்டார். ரத்தம்கூட வரவில்லை. நாங்களும் மறந்துபோனோம்.

சில வாரம் கழித்து எதிர்க்கட்சி ஆளுங்கட்சிக்குத் தாவியது. எந்தப் பாத்தியில் முதலில் உப்பு வாரலாம் என்று முதலாளி சொன்னாலும், "சரிங்க." முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சாமியே கண் திறந்துவிட்டதாகச் சொல்லி எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார். இதற்கிடையில் மேஸ்திரிக்குத் தலைவலி, வரப்பில் நடக்கையில் தள்ளாட்டம். எங்கள் அளத்தில் யார் தள்ளாடினாலும், உப்பில் பட்ட வெயிலில் கண் கூசுகிறது என்றுதான் அர்த்தம். கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். பார்க்க அழகாகக்கூட இருந்தார்.

அவர் மனைவி தனத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சார், அந்தாளு எங்கூட சண்ட போட்டு ஒரு வாரம் ஆவுது. நேத்து கொழம்புல உப்பே போடாம வச்சிப் பாத்தேன். நல்லாருக்குதுன்னு தின்னுட்டு போறாரு. பயமா இருக்குது சார்."

உப்பு மேஸ்திரி உப்பில்லாக் குழம்பைப் புகழ்ந்தார் என்றதும் எனக்கும் திக்கென்றது. கார் பிடித்தேன்.

பாண்டிச்சேரியில் முதலில் பார்த்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். தனம் ஒப்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு லேடி டாக்டர், தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார். லாரிக் கதவைச் சொன்னேன். உடனே ஸ்கேன். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் வாரக்கணக்கில் கசிந்து தேங்கி, மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

முதல் டாக்டர் எடுத்த ரத்தத்தில் இது ஏன் தெரியவில்லை என்று தனம் கேட்டார்.

"இத காட்டிக்குடுக்கற அடையாளத்த ரத்தத்துல இன்னும் தேடிட்டுதாம்மா இருக்காங்க. இவரு சண்ட போடலன்னு நீங்க கவனிச்சீங்க பாருங்க, இப்போதைக்கு அதான் டெஸ்ட்டு."

மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். வெளியே பெஞ்சில், அவர் எழுந்து நாலு திட்டு திட்டிவிட்டால் போதும் என்று தனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கண் விழித்தவரிடம் டாக்டர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார். மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத நான்தான சொல்லணும்."

தனம் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

மேஸ்திரி வீட்டில் ஓய்வெடுத்த நாட்களில் நாங்கள் முறை வைத்துப் போய், அவர் மறுப்பதற்கென்றே எதையாவது உளறிவிட்டு வருவோம். முதலாளியும் போவார். அந்த வாயால் ஒரு "இல்ல" கேட்டால்தான் அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்கும்.