ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்பேர்

அன்பு மகன் அசோக்குக்கு,

உடையார்பாளையத்திலிருந்து உன் அப்பா அமிர்தலிங்கம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறது. சென்னையில் நீ வேளைக்குச் சாப்பிடுவதாக நம்புகிறோம். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உன் அக்கா நர்மதாவின் மகளுக்குச் சென்ற திங்கட்கிழமை சிறுவாச்சூர் காளி கோயிலில் வைத்த காதுகுத்து மிகச் சிறப்பாக நடந்தேறியது. தாய்மாமன் நீ லீவு கிடைக்கவில்லை என்று வராததில் இங்கு யாருக்கும் வருத்தமில்லை.

பொங்கலுக்கு வந்தப்ப, கம்பெனியில மெஷின் எங்க பழுதாகிப் படுக்கும்னு கண்டுபிடிக்க நீங்க போடுற பெட்டிப் படத்தைக் காலண்டர் தாள் பின்னாடி வரைஞ்சு காட்டினியே. பெட்டியெல்லாம் ஒரே கோட்டுல வரிசையா நின்னா ஒண்ணு படுத்தாலே எல்லாம் படுத்துடும், பக்கத்துல ஸ்பேர் பெட்டி போட்டா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்னு. அந்தப் படத்தை நம்ம விசேஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். வேன், மேளம், சமையல், காது குத்துற ஆசாரி, எல்லாம் ஒரே கோட்டுல நிக்குது. எனக்கு வேர்த்துடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்பேர் சொல்லி வெச்சேன். உன் அம்மா, "மாப்பிள்ளைக்கும் ஒரு ஸ்பேர் சொல்லிட்டீங்களா"ன்னு கேட்டா. அவளுக்கு இந்தப் படிப்பெல்லாம் ஏறாது.

ஆனா ஒண்ணுமே படுக்கலைன்னா என்ன பண்றதுன்னு நீ சொல்லித் தரலையேப்பா. எல்லாரும் வந்துட்டாங்க. ரெண்டு வேனும் விடியறதுக்குள்ள வாசல்ல நிக்குது, ஒண்ணுல நாங்க எல்லாரும், இன்னொண்ணுல தேங்காய்ப் பை மட்டும். கோயில்ல ரெண்டு மேளமும் போட்டி போட்டு வாசிச்சதுல அடுத்த வூட்டு விசேஷத்துக்கு வந்த சனமெல்லாம் நம்ம பக்கம் வந்து நின்னுடுச்சு. சமையலுக்கு அய்யாக்கண்ணு, அவருக்கு ஸ்பேர் வெள்ளைச்சாமி. ரெண்டு பேரும் சம்பந்தி, பல வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. அவர் சாம்பார் வெச்சா இவரும் சாம்பார் வெக்கிறாரு. உப்பு கேக்கப் போயி பேச ஆரம்பிச்சவங்க, சாயந்திரம் ஒண்ணா உக்காந்து வெத்தலை போட்டாங்க. மிஞ்சின சோத்துக்கு ஹைவேஸ்ல நின்னு லாரிக்காரங்களைக் கைகாட்டி நிறுத்திச் சாப்பிட வெச்சோம். முறைச்சுக்கிட்டு நின்ன ஆசாரிங்க ரெண்டு பேருக்கும் வலது காது உங்களுக்கு, இடது காது உங்களுக்குன்னு பிரிச்சுக் குடுத்தேன். உன் எடத்துக்கும் ஸ்பேர் போட்டாச்சு: உன் பெரியப்பா மகன் ராஜதுரை, சித்தப்பா மகன் கொளஞ்சிநாதன், புது வேட்டியில பக்கத்துல பக்கத்துல மடியை விரிச்சு உக்காந்திருந்தாங்க. அவங்களும் மாமன் முறைதானே, யார் மடியா இருந்தா என்ன. சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம்.

காளியாத்தா உன்னையும் உன் மேனேஜர் மனசையும் நல்லபடியா வைக்கட்டும். ராத்திரியில பரோட்டா திங்காதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா
அமிர்தலிங்கம்

பின்குறிப்பு: பாப்பாவுக்கு இன்னும் காது குத்தலை. ரெண்டு மடியையும் மாறி மாறிப் பார்த்தா. அப்புறம் உன் அக்கா கையில இருந்த போனைப் புடுங்கி, தினம் நீ பேச வர்ற அந்தக் கண்ணாடியைத் தட்டிக்கிட்டே "அசோக் மாமா மடி, அசோக் மாமா மடி"ன்னு ஒரே அழுகை. நர்மதாவும் அழுதா. எனக்கும் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. தோட்டைத் தாள்ல மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டோம். உன் பெட்டிக்குப் பக்கத்துல போட்ட ரெண்டு ஸ்பேரையும் கோடு போட்டு அடிச்சுட்டேன். கோயில் திங்களும் வெள்ளியும்தானே திறப்பாங்க, அடுத்த வெள்ளிக்கிழமைன்னு வெச்சிருக்கோம். உனக்கு அரியலூருக்கு ரயில்ல ஒரு டிக்கெட், பெரம்பலூருக்கு பஸ்ல ஒரு டிக்கெட் போட்டிருக்கேன். எதுல வேணா வா.