அம்புக்காரர்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர். மாத்திரை போட்டுக்கொண்டு, மாலையில் நடந்துவிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வாழ்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நான் சொல்ல வந்தது அவர்களுக்குள் அண்மையில் தோன்றியிருக்கும் ஒரு தனி இனத்தைப் பற்றி. பெயர், அம்புக்காரர்.

அடையாளம் எளிது. மேற்கையின் பின்புறம், பெரிய கோட்டுப் பொத்தான் அளவில் வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். அரைக்கைச் சட்டையை அது தெரியும்படி இன்னொரு மடிப்பு மடித்து விட்டிருப்பார். வில்லை அவருடைய சர்க்கரை அளவை விடாமல் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போன் ஓர் எண்ணையும் பக்கத்தில் ஓர் அம்பையும் காட்டும். அம்பு படுத்திருந்தால் நிம்மதி. நிமிர்ந்தால் ஏறுகிறது, கவிழ்ந்தால் இறங்குகிறது. நல்ல கருவிதான், டாக்டர் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் அம்பு நிமிர்ந்ததும் மற்றவர்கள் "என்ன சாப்பிட்டேன்?" என்று யோசிப்பார்கள். அம்புக்காரர், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்.

என் பெரியப்பா இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்டவர். "எப்படி இருக்கீங்க பெரியப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "நூத்தி இருபத்தெட்டு. படுத்திருக்கு" என்பார்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. "கீழ் வரியைப் படிங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, தன் கண்ணை மேஜைமேல் இருக்கும் போனில் வைத்திருப்பார். ஒருநாள் சோதனைக்கு உட்கார்ந்த டிரைவர் ஒருவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "நூத்தி எண்பத்திரண்டு, அம்பு மேல" என்று படித்தார்.

"யோவ், சுவர்ல இருக்கறதைப் படிய்யா!"

"அது தெரியல சார். இதுதான் தெரியுது."

அந்த டிரைவர் கணக்கில் இன்னும் ஐந்து ஏறியது என்பது பெரியப்பா கட்சி. மாடி வீட்டில் நாற்காலி இழுத்தால் பத்து, கண்ணாடிமேல் உட்கார்ந்து நசுக்கிவிட்டு "தானா வளைஞ்சிடுச்சு" என்று நீட்டுபவருக்கு இருபது, நீளமாக அனுப்பிய செய்திக்கு மருமகன் வெறும் கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினால் பதினைந்து, மைத்துனர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முப்பது என்று ஊருக்கெல்லாம் அவரிடம் விலைப்பட்டியல் இருந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் அதில் இடமில்லை.

பெரியம்மா மாட்டிக்கொண்டது இங்கேதான்.

"ஏங்க, தங்கச்சிக்கு வர்ற திங்கக்கிழமை முட்டி ஆபரேஷன். கூட யாருமில்ல. பத்து நாள் போய் இருந்துட்டு வரேன்."

அது செவ்வாய்க்கிழமை காலை. பெரியப்பா போனைத் திருப்பிக் காட்டினார். அம்பு விறைத்து நின்றது.

"பாரு. நீ வாயைத் திறந்து ரெண்டு நிமிஷம் ஆகல."

"போறேன்னுதானே சொன்னேன்?"

"சொன்னதுக்கே இது. நிஜமாவே போனா?"

எண்ணோடு எப்படிச் சண்டை போடுவது? வியாழக்கிழமை மறுபடி கேட்டார். வெள்ளிக்கிழமையும் கேட்டார். மூன்று நாளும் அதே நேரம், அதே அம்பு. அலமாரிமேலிருந்து இறங்கிய பெட்டி திரும்ப மேலே ஏறியது. "வேற யாராவது கிடைப்பாங்களான்னு பாருடி" என்று தங்கையிடம் சொன்ன பிறகு, பேச்சு முடிந்தும் பெரியம்மா போனைக் கீழே வைக்கவில்லை.

சனிக்கிழமை வில்லை மாற்றும் நாள். மருத்துவமனைக்குப் பெரியம்மாவோடு நானும் போயிருந்தேன். பெரியப்பா நர்ஸிடம் முறையிட்டார்.

"சிஸ்டர், இவ பேசினாலே ஏறுதும்மா. உடனே!"

பழைய வில்லையை உரித்துக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "உடனே எப்படி சார் காட்டும்? இது தோலுக்கு அடியில இருக்கற நீர்லதான் பாக்குது. ரத்தத்துல ஏறினது இங்க தெரிய அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். சாப்பிட்டது ரத்தத்துல ஏறவும் நேரம் வேணும்ல? அரை மணிக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யோசிங்க."

பெரியம்மா வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவே பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவருடைய போனில் அம்பு நிமிர்ந்த நேரங்களைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"செவ்வாய் எட்டு நாப்பதுக்கு நான் கேட்டேன். அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"பால்கனியில. செடிக்குத் தண்ணி."

"வியாழன்?"

"தண்ணி."

"நேத்து?"

"...தண்ணிதான்."

"மூணு தொட்டிக்கு இருபது நிமிஷமா? அதுல ஒண்ணு பிளாஸ்டிக் செடிங்க!"

பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே கிரீம் பிஸ்கட், அரை பாக்கெட். நமுத்துப் போகாமல் இருக்க ரப்பர் பேண்டு வேறு.

"அது... உன் தம்பி வாங்கிட்டு வந்தது."

"அவன் வந்து நாலு மாசமாச்சு. பாக்கெட்ல போன வாரத் தேதி போட்டிருக்கு."

பெட்டி மறுபடி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா கிளம்பிவிட்டார். கிளம்புமுன் அந்த எண்ணும் அம்பும் தன் போனிலும் தெரியும்படி என்னைச் செய்துதரச் சொன்னார். இப்போது தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கூப்பிடுகிறார்: "ஏங்க, நிமிருது. தொட்டிகிட்டேர்ந்து உள்ள வாங்க."

பெரும்பாலும் அம்பு படுத்தே இருக்கிறது. பெரியப்பா தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. "பாத்தியா? இவ்வளவு தூரத்துலேர்ந்து பேசினாக்கூட ஏறுது" என்கிறார் என்னிடம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் கையில் வில்லை இல்லைதான். ஆனால் நேற்று உங்களுக்குத் தலைவலி வந்ததே, அது யாரால் என்று வீட்டில் சொன்னீர்கள்? போன வாரம் வேலை கெட்டது யாரால்? பெயர் சட்டென்று வாயில் வந்துவிட்டதா?

அப்படியானால் கொஞ்சம் எழுந்துபோய், உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வாருங்கள்.