ஆறாத புண்ணும் அக்கறையுள்ள டாக்டரும்

கட்டுப் போடும் டாக்டர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருமுனையிலேயே ஒருவர் இருப்பார். ஒரு சிராய்ப்போடு போய்ப் பாருங்கள், எழுந்து நின்று வரவேற்பார்.

முன்பெல்லாம் புண் என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டெழுதித் துரத்தியவர்தான். பிறகு ஏதோ ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போனார். வாசலோடு திருப்பி அனுப்பிய ஒவ்வொரு புண்ணும் அடுத்தவன் கல்லாவை நிரப்பியிருக்கிறது என்று அங்கே படம் போட்டுக் காட்டினார்கள். வந்ததே ஞானம்! துடைப்பமும் வாளியும் கிடந்த பின்னறைக்கு வெள்ளையடித்து, நீளக் கட்டில் ஒன்று போட்டு, 'காயப் பராமரிப்புப் பிரிவு' என்று பலகை மாட்டி, அன்றிலிருந்து காய்ச்சல்காரர்களைக் கடன் கேட்க வந்தவர்களைப்போல் பார்க்க ஆரம்பித்தார். இதில் தவறென்ன? நோயாளிக்கு அலைச்சல் மிச்சம், புண்ணும் ஆறிவிடுகிறது.

அங்கேதான் சிக்கல். ஆறிவிடுகிறதே!

பஸ் டிரைவர் ஒருவர் கால்விரல் புண்ணோடு வந்தார். ஷூ போட முடிந்தால்தான் டிப்போவில் வண்டி கொடுப்பார்கள். டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு நாள் நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், ஆறிடுச்சு!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆறிடுச்சா? யாரைக் கேட்டு?"

"அப்ப நாளைக்கு டியூட்டிக்குப் போயிடலாமா சார்?" என்றார் டிரைவர்.

"என்னங்க அவசரம்? மேல ஆறியிருக்கும். உள்ள யாரு பார்த்தா?"

"அழுத்தினாக்கூட வலிக்கல சார்."

"வலிக்கலையா? அது இன்னும் மோசம்!"

கூட வந்திருந்த டிரைவரின் மனைவி மெல்ல வாயைத் திறந்தார். "இன்னும் லீவு போட்டா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க டாக்டர்."

"வண்டி முக்கியமாம்மா, காலு முக்கியமா?"

புண்ணே இல்லாத விரலுக்கு, புண் இருந்தபோதுகூடப் போடாத பருமனில் ஒரு கட்டு விழுந்தது. மறுவாரம் வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவரை டிப்போவில் டயர் எண்ணச் சொல்லிவிட்டார்கள். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

உங்களுக்கும் எரிகிறதா? நல்லது. போன வாரம் உங்கள் மேஜை முன்னால் ஒருவர் வந்து நின்றாரே, ஒரே கையெழுத்தில் முடிகிற வேலைக்கு? "அடுத்த வாரம் வாங்க, பாப்போம்" என்று எவ்வளவு அக்கறையாகச் சொல்லி அனுப்பினீர்கள்! பேனா உங்கள் கையில்தானே இருந்தது?