வோல்ட்டர் பாஸின் வெளிநாட்டுக் கோட்

"இனி இந்த வீட்டுக்குள்ள புதுத்துணி எண்ட பேச்சே வரக்கூடாது!"

வோல்ட்டர் பாஸ் மேசையில் ஓங்கி அடித்தார். தச்சு பாஸ் தன் கையாலேயே செய்த தேக்கு மேசை, அது அசையவில்லை. தையல் மெசினுக்குப் பின்னால் இருந்த மனைவி டோரீனும் அசையவில்லை. பக்கத்து வீட்டு எறிக்காவின் யன்னல் திரையைப் பாவாடையாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

மட்டக்களப்பில் பறங்கியர் குடியிருக்கும் டச்பார் முழுக்க அந்தக் கூத்துத்தான் நடந்தது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் போய்விட்டது, அப்போது ஏறிய துணி விலை மட்டும் இறங்கவில்லை. சேலை கவுனானது. கவுன் சட்டையானது. மேசை விரிப்பு சட்டையாகி, வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே போய் வந்தது. யாராவது கேட்டால், "இப்ப இதுதான் பாஷன்" என்று ஒரே பதில்.

"கலியாணப் பொண்ணு மெலிண்டா என்ட அண்ணன்ட மகள்," என்றாள் டோரீன். "மாமிக்காரி நான். முன்னுக்கு நிண்டு கபறிஞ்ஞா ஆட வேணும். எதப் போட்டு ஆடுற?"

"இரிக்கிறதப் போட்டு ஆடு. நாடு கிடக்கிற கிடையில உனக்குக் கவுன் கேக்குதா?"

"அப்ப நீங்க?"

"நான் நம்மட கலியாணக் கோட்டப் போடுவன். எனக்கென்ன வெக்கம்?"

சொன்ன வாயோடு அலுமாரியைத் திறந்தார். முப்பது வருசத்துக்கு முந்திய வெள்ளைக் கோட். கொலர் தோள் வரைக்கும் அகலம். மாப்பிள்ளைத் தோழனாக நின்ற மச்சான் ட்றெவர், கட்டிப்பிடித்த வேகத்தில் சிகரெட்டால் சுட்ட ஓட்டை உள்துணியில் அப்படியே இருந்தது. இரண்டு கையும் ஒருவாறு உள்ளே போயின. ஆனால் பொத்தானும் பொத்தான் ஓட்டையும் ஒன்றையொன்று கண்ணால் காணவும் முடியாத தூரத்தில் நின்றன.

"மூச்ச உள்ளுக்கு எடுங்க," என்றாள் டோரீன்.

"எடுத்துத்தான் புள்ள நிக்கிறன்!"

மூச்சை விட்டார். முதுகில் தையல் பிரிந்தது. வோல்ட்டர் பாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. வயிற்றைக் குறை சொல்ல மனம் வராமல் கோட்டின் மேல் பாய்ந்தார்.

"சுருங்கிப் போன சனியன்! வெட்டித் தலகணி உறை தை. இனி இது என்ட கண்ணுல படக்கூடாது."

"நல்லா யோசிச்சித்தான் சொல்றீங்களா? மறுகா என்னக் கேக்கப்படாது."

"கேக்கமாட்டன், போ!"

டோரீன் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பத்துப் பதினைந்து நாள் கழிந்திருக்கும். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும்போது அவள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "காத்தான்குடி றவூப் நானாட கடையில வெளிநாட்டுப் பழைய உடுப்பு மூட்டை உடைச்சிரிக்காம். கோட்டெல்லாம் இரிக்காம், எறிக்கா சொன்னா. ஆரோ போட்டுக் கழட்டினத மானமுள்ள மனிசர் போடுவாங்களா?"

"சீ!" என்றார் வோல்ட்டர் பாஸ். போன மாதம்தான் எறிக்காவைப் பார்த்து, "செத்த வெள்ளைக்காரின்ட சட்டையா?" என்று தெருவே கேட்கச் சிரித்தவர் அவர். ஆனாலும் இடியப்பம் தொண்டையில் இறங்குவதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார்.

கடைக்கு முன்னால் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டார். தெரிந்தவர் யாராவது கண்டால் என்ற பயத்தில் முதலில் சாரத் துணியை விலை கேட்டார், பிறகு குடை கேட்டார்.

"பாஸ், ஒங்களுக்குக் கோட்தானே வேணும்? உள்ளுக்கு வாங்க," என்றார் றவூப் நானா.

"மெல்லமாக் கதைங்க நானா!"

கருநீலக் கோட் ஒன்று தனியாகத் தொங்கியது. ஒடுங்கிய கொலர், பளபளக்கும் பொத்தான்கள், கழுத்தில் இத்தாலி என்று ஒரு முத்திரை. போட்டுப் பார்த்தார். தோள் சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது. வயிற்றிலும் பொத்தான் பூட்டியது! இத்தாலியில் எவனோ ஒருவன் தன்னைப்போலவே சாப்பிட்டிருக்கிறான் என்று வோல்ட்டர் பாஸ் மனம் உருகினார். முத்திரையைத் தவிர உள்ளே வேறு எதையும் பார்க்கவில்லை.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இரிக்கு பாஸ்."

"நானா, இது டோரீன்ட காதுக்குப் போகப்படாது."

"சத்தியமா என்ட வாயால ஒரு சொல்லும் சொல்லமாட்டன்," என்றார் றவூப் நானா. சொன்னபடியே நடந்தும் கொண்டார்.

கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மெல்போர்னில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி டெக்ஸ்டர் அனுப்பிய பார்சல் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"டெக்ஸ்டருக்கு உங்கட வயித்தளவு எப்பிடித் தெரியும்?"

"ரத்த சொந்தம் புள்ள!"

டோரீன் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்குக் கவுன் கேட்குதா என்று கத்திய வாய் இது.

கலியாணத்தன்று டோரீன் அறையிலிருந்து வெளியே வந்தாள். வான்நீலத்தில் புதுக்கவுன், கடைத்துணியின் மணம்கூடப் போகவில்லை. துணி எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயைத் திறந்தார். கேட்டால் அவளும் கேட்பாளே! திறந்த வாயால் கொட்டாவி விட்டார்.

வாவிக்கரை மண்டபத்தில் வயலின் தொடங்கியது. கபறிஞ்ஞாவுக்குச் சோடிகள் வரிசை கட்டின. வோல்ட்டர் பாஸ் நெஞ்சை நிமிர்த்தி, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொன்னார்: "இத்தாலிக் கோட். டெக்ஸ்டர் அனுப்பின. இப்பிடித் தையல் நம்மட ஊருல ஆரு தைப்பாங்க?"

இரண்டு சுற்று ஆடியதும் வியர்வை ஊற்றியது. கோட்டின் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டார். மணப்பெண்ணின் தகப்பன் ட்றெவர் எதிரே வந்து நின்றார். விரித்த கோட்டுக்குள் குனிந்து பார்த்தார். பிறகு சுட்டுவிரலை உள்துணி ஓட்டைக்குள் விட்டு ஆட்டினார்.

"மச்சான்! இது நான் சுட்ட ஓட்டையெல்லோ?"

வயலின் நின்றது. "டோரீன் அக்காட சாயமும் தையலும்தான், எனக்குத் தெரியாதா?" என்று எறிக்கா பின்னாலிருந்து கத்தினாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது; மணப்பெண் முக்காட்டுக்குள் சிரித்தாள். வோல்ட்டர் பாஸுக்கு வாவிக்குள் இறங்கிப் போய்விடலாம்போல இருந்தது. எத்தனை பேரின் உடுப்பைப் பார்த்து இதே மாதிரிச் சிரித்திருக்கிறார்! அந்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து காது சுட்டது.

டோரீனைத் தூணோரம் இழுத்தார். "என்ட கோட்ட எனக்கே வித்திட்டியா?"

"நீங்கதானே கண்ணுல படக்கூடாதெண்டீங்க. சாயம் போட்டன், பட்டுதா?"

"பொத்தான் எப்பிடிப் பூட்டிச்சு?"

"கலியாணக் காச்சட்டைய வெட்டி ரெண்டு விலாவுலயும் வைச்சன். கொலர ஒடுக்கி, எறிக்காட வெளிநாட்டுச் சட்டையில இருந்த முத்திரயையும் தைச்சன். ஓட்டைய மட்டும் தைக்கல்ல. எண்டைக்காவது உள்ளுக்குப் பாப்பீங்க எண்டு நினைச்சன்."

அவர் விரிந்து கிடந்த கோட்டை இழுத்து மூடினார். கடைசியாக, போன மானத்தில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று குரலை உயர்த்தினார். "அதெல்லாம் சரி. புதுத்துணி வேணா எண்டு நான் சொல்லியும், இந்தக் கவுன் ஆரு வாங்கித் தந்த?"

டோரீன் அவருடைய பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

"நீங்கதான். கோட்டுக்குக் குடுத்த காசுக்கு றவூப் நானா துணியாத் தந்தார்."