தாடை பார்த்துச் சொல்பவர்

குத்துச்சண்டைக் கூடத்தில் மூன்று வகை மனிதர்கள் உண்டு. குத்துகிறவர்கள், குத்து வாங்குகிறவர்கள், குத்து வாங்குகிறவன் ஏன் விழவில்லை என்று நமக்கு விளக்குகிறவர்கள். முதல் இரண்டு வகையினர் வேர்த்து விறுவிறுத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்றாம் வகையினர் போக மாட்டார்கள். நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றித்தான்.

இந்த வகை ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கூடத்தில் மூன்று நாற்காலிகள் இருந்தால், அதில் கால் ஆடாத நாற்காலியில் இருப்பார். சட்டையில் மடிப்பு கலைந்திருக்காது. மூக்கு பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே நேராக இருக்கும். ஆயுளில் ஒரு குத்துகூட வாங்காதவர் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

எங்கள் கூடத்தில் இந்தப் பதவியை வகித்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எங்கள் என்றால், நான் குத்துச்சண்டைக்காரன் இல்லை. மாடியில் உள்ள அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சாயங்காலம் மெஷின் நின்றதும் கீழே இறங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பேன். அவ்வளவுதான் என் வீரம்.

கடையில் ஃபிரேம் அளவு பார்க்கும் பழக்கம் கடைக்காரரை விடவில்லை. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் மோவாயை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார். "சதுரத் தாடை. எட்டு ரவுண்டு தாங்கும்" என்பார். இல்லையென்றால் "ம்ஹும், கோழிமுட்டை. கேரம் போர்டு ஆடப் போங்க தம்பி" என்பார். தாடை எலும்பின் கனம், தலையணை இல்லாமல் தூங்குவது, தாய்வழி மாமன்களின் கழுத்து, சின்ன வயதில் தொட்டிலிலிருந்து விழுந்த தடவைகள், காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்று அவரிடம் இல்லாத காரணமே கிடையாது. ஒருவன் விழாமல் நின்றால் இவற்றில் ஒன்று சரியாக இருந்தது என்று அர்த்தம், விழுந்துவிட்டால் இன்னொன்று சரியில்லை என்று அர்த்தம். தோற்றது குத்து வாங்கியவன்தான். கடைக்காரர் தோற்றதே இல்லை.

ஒருவன் ஏன் விழாமல் நிற்கிறான் என்று பயிற்சியாளரிடம் ஒருநாள் கேட்டேன். மூக்கு இரண்டு முறை உடைந்தவர், சொல் சிக்கனம். "கழுத்து பலமா இருக்கணும். மோவாய நெஞ்சோட ஒட்டி வைக்கணும். குத்து வர்றதப் பாத்துடணும், பாக்காத குத்துதான் ஆளச் சாய்க்கும். மிச்சம் பொறப்புல வர்றது சார். அதுவும் வாங்க வாங்கத் தேஞ்சு போகும்."

கடைக்காரர் என் காதருகே குனிந்தார். "அவரு அனுபவஸ்தர்தான். ஆனா விஷயத்தோட ஆழம் தெரியாது."

கடைக்காரரின் ஆழத்துக்கெல்லாம் ஆதாரம் ஒருவர். இரும்புக் கதவுகளுக்கு வெல்டிங் வைப்பவர், முப்பத்து நாலு வயது. குத்திவிட்டு எதிராளியிடம் "வலிக்குதாண்ணே?" என்று கேட்கிற ரகம். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தரையைத் தொட்டதில்லை. அவருக்குப் 'பாறை' என்று பெயர் வைத்ததே கடைக்காரர்தான். பாறையின் முகத்தில் ஒவ்வொரு குத்து இறங்கும்போதும் கடைக்காரர் தன் தாடையைத் தடவிக்கொண்டு ஒரே வசனத்தைச் சொல்வார்.

"அவன் தாங்குவான் சார்."

பயிற்சியாளரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சிச் சண்டைக்கு முன்னால் மூன்று வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்வார். சாவி, குடை, வாளி என்பதுபோல, ஒவ்வொரு நாளும் வேறு மூன்று. மூன்று ரவுண்டு முடிந்ததும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஒரு மாசத்துக்கு மேடை ஏறக் கூடாது, போட்டியும் கிடையாது. மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்குத் தெரிந்த ஜன்னல் அது.

மூன்று வாரமாகப் பாறை "சாவி, குடை..." என்கிற மாதிரி இரண்டு சொல்லிவிட்டு, மூன்றாவதுக்கு அண்ணாந்து பார்ப்பார். அப்புறம் பார்வை மெல்ல இறங்கி எங்கள் நாற்காலிப் பக்கம் வரும். கடைக்காரரின் உதடு அசையும். "வாளி" என்பார் பாறை. மேடைமேல் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அவர் கையுறையை அவிழ்க்கும் பயிற்சியாளர் தலையாட்டுவார்.

"தப்பில்லையா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கேள்வியே தப்பு சார். வாளிக்கும் குத்துக்கும் என்ன சம்பந்தம்? ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு. ஒரு வாளிக்காக இப்பேர்ப்பட்ட தாடைய உக்கார வைக்கிறதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் பாறையின் மனைவி வந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார், தோளில் சாப்பாட்டுப் பையும் முடியில் நூல் துணுக்கும் இருந்தன. மூன்றாவது ரவுண்டு அப்போதுதான் முடிந்து பாறை மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அன்றைய வார்த்தைகள் ஏணி, சோப்பு, கத்தரிக்கோல். பயிற்சியாளர் இன்னும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை இவர எறக்க வேண்டாங்க" என்றார் பயிற்சியாளரிடம்.

பதில் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? "தங்கச்சி, நீ பயப்படவே தேவையில்ல" என்று கடைக்காரர் எழுந்தேவிட்டார். "உன் வீட்டுக்காரர் தாடை மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல."

"தாடை நல்லாத்தாங்க இருக்கு. நேத்து பாப்பாவக் கூட்டிட்டு வரப் போனாரு. அவ போன வருஷம் படிச்ச பள்ளிக்கூடத்து வாசல்ல போய் ஒரு மணி நேரம் நின்னுருக்காரு. பாப்பா இப்ப படிக்கிற பள்ளிக்கூடத்துல தனியா நின்னு அழுதுட்டு இருந்துச்சு."

பாறை தன் கைக்கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பயிற்சியாளருக்குக் குழப்பம். "என்கிட்ட மூணு வார்த்தையும் சரியாத்தானேம்மா சொல்றாரு?"

"அதுதான் விஷயமே" என்று கடைக்காரர் தொங்கிக்கொண்டிருந்த மணல்மூட்டைக்கு முன்னால் போய், அதற்கு முதுகைக் காட்டி நின்றார். "இங்க பாரு தங்கச்சி. தாடைய இப்படி வச்சுக்கிட்டா, யானை வந்து..."

மூட்டைக்கு அந்தப் பக்கம் பயிற்சி செய்துகொண்டிருந்தவருக்கு இந்தப் பக்கம் வகுப்பு நடப்பது தெரியாது. அவர் ஒரு குத்து விட்டார். மூட்டை ஆடி வந்து கடைக்காரரின் காதோரம் பொத்தென்று ஒரு தட்டுத் தட்டியது. குத்துக்கூட இல்லை, குத்தின் மிச்சம். கடைக்காரர் கால் மடங்கி, சாஷ்டாங்கமாகத் தரையில் கிடந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி தனியாகக் கிடந்தது.

தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தோம். பயிற்சியாளர் எதிரே குந்தினார்.

"சார், இன்னிக்கு நான் சொன்ன மூணு வார்த்தை என்ன?"

"ஏணி..." என்றார் கடைக்காரர். அப்புறம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அவர் பார்வை மெல்ல இறங்கி, கூடத்தைச் சுற்றி, பாறையின் முகத்தில் போய் நின்றது.

பாறை நல்ல மனிதர். செய்த உதவியை மறக்காதவர். மற்றதெல்லாம் மறந்தாலும் அதை மறக்கவில்லை. கடைக்காரருக்காக உதட்டைத் திறந்தார். ஏதோ சொல்ல முயன்று உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. ஒன்றும் வரவில்லை. அவர் நெற்றி சுருங்கியது. கடைக்காரரைப் பார்த்து, "மன்னிச்சிருங்கண்ணே, எனக்கும் வரல" என்றார்.

பயிற்சியாளர் அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். மூன்று வாரக் கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்ப் பாறையின் கைக்கட்டை அவரே அவிழ்த்தார். "போதும்ப்பா. ஞாயித்துக்கிழமையும் இல்ல, அதுக்கப்புறமும் இல்ல. நாளைக்கு டாக்டரப் பாக்கலாம், நானும் வரேன்." மனைவி அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து அழுதார். எனக்கு அவமானமாக இருந்தது.

கடைக்காரர் ஐந்து நாள் கழுத்தில் பட்டையோடு கடையில் இருந்தார். "பின்னாலேருந்து வந்துச்சு சார், பாக்கல. பாத்திருந்தா தாங்கியிருப்பேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பயிற்சியாளர் சொன்ன ஆழமில்லாத விஷயம்தான் அது. ஆறாவது நாள் ஆடாத நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். இப்போது வேறொரு தாடை அகப்பட்டிருக்கிறது. பாறை வந்தால் கயிறு மட்டும் தாண்டுகிறார். அவர் சட்டைப்பையில் மகளின் பள்ளிக்கூடத்துப் பெயரை மனைவி எழுதி வைத்திருக்கிறார்.

உங்களுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் சம்பந்தமில்லை, தெரியும். நீங்கள் குத்துச்சண்டை பார்ப்பதே இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: அலுவலகத்தில் நாலு பேர் வேலையை ஒருவர் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தபோது, வீட்டில் எல்லோருடைய கோபமும் ஒருவர்மேலேயே போய் விழுந்தபோது, 'அவங்க தாங்குவாங்க' என்று பாராட்டிப் பேசியது யார்?

நான் பிழை கண்டுபிடித்துப் பிழைக்கிறவன். மூன்று வாரம் அந்த உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தேன். ஆகவே இரண்டாவது நாற்காலி என்னுடையது, அதில் தகராறு இல்லை. மூன்றாவது காலியாகத்தான் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. இப்போதுதான் எழுந்து வந்தீர்களோ?